காமிராவுக்குள் நடந்த ரகசிய விசாரணை

உலக யுத்தத்தின் சரித்திரத்தை எழுதப்போகிறவர்கள் லண்டனுக்கு ஓர் அத்தியாயம், டோக்கியோவுக்கு ஓர் அத்தியாயம் என்று தாராளமாக ஒதுக்கிவிட்டு, திருத்தணி கோதண்டபாணிக்கு அடிக்குறிப்பில்கூட இடம் தராமல் விட்டுவிடுவார்கள். நஷ்டம் சரித்திரத்துக்குத்தான். கோதண்டபாணி தமக்கு உரிய இடத்தைத் தாமே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்.

சித்திரபானு வருஷம் சித்திரை மாதம். ஜப்பான்காரன் விமானம் வருகிறது என்று சென்னப்பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அதில் ஒரு பங்கு திருத்தணி ரயிலடியில் வந்து இறங்கியது. மலைமேல் சுவாமி இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று ஊரார் சும்மா இருந்தார்கள். கோதண்டபாணியால் சும்மா இருக்க முடியவில்லை. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ஆயுசில் பாதியைக் கழித்து, "டாமேஜ்", "ஷார்ட்டேஜ்", "ஓனர்ஸ் ரிஸ்க்" முதலான உயர்ந்த இங்கிலீஷ் பதங்களோடு ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் இங்கிலீஷில் வந்த தந்தி எதுவானாலும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். அவர் படித்துச் சொன்ன பிறகுதான் அழுவதா சிரிப்பதா என்று வீட்டார் முடிவு செய்வார்கள். சில வீடுகளில் பிற்பாடு முடிவை மாற்றிக்கொள்ள நேர்ந்ததும் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் "திருத்தணி யுத்தகாலப் பொதுஜன ரட்சணைக் கமிட்டி"யை ஸ்தாபித்தார். தலைவர் அவர். காரியதரிசி அவருடைய மைத்துனர் சடகோபன். மற்ற அங்கத்தினர்களைச் சேர்ப்பதில் எந்தப் பாரபட்சமும் காட்டவில்லை. "மாட்டேன்" என்று சொல்லாத எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்.

கமிட்டி செய்த சேவைகள் கொஞ்சநஞ்சமல்ல. வெளிச்சம் விமானக்காரன் கண்ணில் படக்கூடாது என்று ஊர் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியது. ராத்திரிக்கென்று ஒட்டியதைப் பகலில் கிழிக்கக் கமிட்டி அனுமதிக்காததால், ரயிலடிச் சத்திரத்தின் பெரிய கூடத்தில் உச்சிவேளையிலும் ஆளை ஆள் தடவித்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். தலைவர் ஊதல் ஊதினால் அவரவர் நின்ற இடத்தில் குப்புறப் படுத்து, காதில் பஞ்சை அடைத்து, பல்லுக்கிடையில் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகை நடந்தது. பெண் பார்க்க வந்த ஒரு சம்பந்தி வீட்டார், இது இந்த ஊர் மரியாதை போலும் என்று தாங்களும் படுத்தார்கள்.

பட்டணத்திலிருந்து வந்தவர்களைத் தெருவில் விட மனமில்லாமல், கோதண்டபாணி தம் வீட்டுப் பின்கட்டை இரண்டாகத் தடுத்து இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகை சற்று உயர்வுதான். அதில் ரட்சணையும் அடங்கியிருந்தது.

இப்படி ஊர் பத்திரமாக இருந்த காலத்தில்தான் பொதட்டூர்பேட்டை வீரபத்திரன் வாயைத் திறந்தான்.

வீரபத்திரன் நெசவாளி. மாதம் தவறாமல் கிருத்திகைக்கு லுங்கி மூட்டையோடு திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்தில் விற்றுவிட்டுப் போகிறவன். அன்றும் வியாபாரத்தை முடித்து, காப்பி கிளப்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பின்கட்டுக் குடித்தனக்காரர்கள் இருவரும் குண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாங்க சாமி, குண்டுக்கு பயந்துகினு இங்க வந்துகிறீங்க?" என்றான் வீரபத்திரன். "இங்கதான் ரயிலு ராவும் பகலும் ஓடிகினே கீது. ஏரோப்ளேன்காரன் தண்டவாளத்தப் புடிச்சிகினே வந்தா நேரா எங்க வந்து நிப்பான்? எங்க ஊர்ல ரயிலா கீது, ஒண்ணா கீது? தறி சத்தம்தான். வர்றவன் மேலருந்து கேட்டுட்டு, 'அடடே, இங்க முன்னாடியே எவனோ குண்டு போட்டுகினு கீறான்'னு திரும்பிப் பூடுவான்!"

கிளப்பே சிரித்தது. குடித்தனக்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு யோசித்தார்கள். மறுநாள் காலையில் இரண்டு மாட்டுவண்டிகள் பின்கட்டு வாசலில் நின்றன.

"என்னங்க, பின்கட்டுல ரெண்டு குடித்தனமும் காலி பண்ணிகினு போறாங்களே?" என்றாள் அவர் மனைவி தாயாரம்மாள்.

"காலி பண்ணவில்லை" என்றார் கோதண்டபாணி, தூணைப் பிடித்துக்கொண்டு. "பீதியடைந்திருக்கிறார்கள்."

"பீதியா? அந்தம்மா சிரிச்சிகினே சொல்லிட்டுப் போச்சே."

"பீதி முற்றினால் சிரிப்பு வரும்."

அன்று சாயங்காலமே, யுத்தகாலத்தில் பொதுஜனங்களிடையே பீதி பரப்பி ரட்சணைக்குப் பங்கம் விளைவித்ததாக வீரபத்திரன்மேல் கமிட்டி புகார் கொடுத்தது. பின்கட்டைப் பற்றிப் புகாரில் ஒரு வார்த்தையும் இல்லை. சொந்த நஷ்டத்தைப் பொதுக் காரியத்தில் நுழைக்கும் வழக்கம் கோதண்டபாணியிடம் கிடையாது.

வீரபத்திரனைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்த்தி வைத்தார்கள். "தறியில பாவு நூலு அப்பிடியே நிக்குதுங்க. நூலே கெடைக்காத காலம்ங்க. எலி கடிச்சா என் குடும்பமே போச்சுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் சொல்லிப் பார்த்தான். யுத்தத்தைப் பற்றிய குற்றமானபடியால் விட்டுவிடவும் யாருக்கும் தைரியமில்லை. குற்றம் ருஜுவானால் ஜெயில் என்று பேசிக்கொண்டார்கள். விசாரிக்க ஒரு விசேஷ அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது.

அதிகாரி ஜெகநாத ராவ் சித்தூரிலிருந்து அரக்கோணம் போகிற வழியில் திருத்தணி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, கோதண்டபாணி மாலையோடு அவர் வண்டிக்கு ஓடினார். அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை திரும்பும்போது இறங்கி விசாரிக்கிறேன். என்கொயரி இன் காமிரா. தெரிந்ததா?"

"யெஸ் யுவர் ஆனர்!"

"முடியும்வரை அவனை வெளியே விடவேண்டுமானால் செக்யூரிட்டி வேண்டும். நல்ல செக்யூரிட்டியாகப் பார்த்துத் தயாராக வையும்."

"யெஸ் யுவர் ஆனர்! ஒரு சந்தேகம்..."

ரயில் ஊதியது. சந்தேகம் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை கமிட்டி அவசரமாகக் கூடியது. இரண்டே சொற்களை ஆராய்வதற்காக ஒரு சபை இத்தனை காப்பி குடித்தது திருத்தணியில் அதுவே முதல் தடவை.

"இன் என்றால் உள்ளே" என்று தொடங்கினார் கோதண்டபாணி. "காமிரா என்றால் போட்டோ பிடிக்கிற பெட்டி. ஆகவே, விசாரணை போட்டோப் பெட்டிக்குள்ளே."

"பெட்டிக்குள்ள எப்பிடி பாவா ஆளு உக்கார முடியும்?" என்றார் சடகோபன்.

"சட்ட பாஷையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விசாரணைக்கு வருகிற எல்லோரும் காமிராவுக்குள் விழவேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் விசாரணை செல்லாது."

சடகோபன் தலையைச் சொறிந்தார். "நான் பெல்லாரியில இருந்தப்போ பாவா, அங்க சாயபுங்க ரூம்பத்தான் கம்ரா, கம்ராம்பாங்க. கதவச் சாத்திகினு ரகசியமா பேசறதுன்னு அர்த்தமா இருக்குமோ?"

கோதண்டபாணி மைத்துனரை அனுதாபத்தோடு பார்த்தார். "அது ஹிந்துஸ்தானி. அதிகாரி பேசினது இங்கிலீஷ். ரகசியம் என்றால் சீக்ரெட் என்று சொல்லத் தெரியாதா அவருக்கு?"

விஷயம் ஓட்டுக்கு விடப்பட்டது. காமிரா என்றால் போட்டோப் பெட்டி என்பது ஏகமனதாக நிறைவேறியது. காரியதரிசி மட்டும் எதிர்த்தார். அவர் எதிர்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் ஏகமனதாக நிறைவேறியது.

"அடுத்து, செக்யூரிட்டி."

"அதுக்குப் பத்திரம்னு அர்த்தம் பாவா" என்றார் சடகோபன், ஒரு தடவை தோற்றும் அடங்காமல்.

"எந்தப் பத்திரம்? எழுதுகிற பத்திரமா, 'பத்திரமாகப் போய்விட்டு வா' என்கிறோமே, அந்தப் பத்திரமா?"

'நல்ல செக்யூரிட்டியாகப் பார்த்து' என்று அதிகாரி சொன்னதிலிருந்து அது ஓர் ஆள் என்பது வெட்டவெளிச்சம் என்று தலைவர் விளக்கினார். கனகம்மாசத்திரத்தில் சிலம்பம் கற்றுக்கொடுக்கும் வேடியப்பனைச் செக்யூரிட்டியாக நியமிப்பதென்று தீர்மானமாயிற்று. வேடியப்பன் ஆறடி உயரம். மீசை தனி.

வெள்ளிக்கிழமை சத்திரத்துக் கூடம் கல்யாண வீடு போல் இருந்தது. காமிராவுக்குள் விழவேண்டும் என்ற சர்க்கார் உத்தரவை மீற யாருக்கும் துணிவில்லை. இலவசமாகப் போட்டோ பிடிக்கிறார்கள் என்றும் ஒரு செய்தி பரவியிருந்தது. பட்டணத்துப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு குடும்பம் கன்றுக்குட்டியோடு வந்தது. உயரமானவர்கள் பின்னால் பெஞ்சின்மேல், குள்ளமானவர்கள் முன்னால், குழந்தைகள் தரையில், நடுவில் அதிகாரிக்கு ஒரு மேஜை. மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமுமாகக் கோதண்டபாணி. வாழ்நாளில் ஒருபோதும் இவ்வளவு நடுவில் உட்கார்ந்ததில்லை என்று நினைத்தபோது அவர் தலைப்பாகையை இன்னொரு தடவை நேராக்கிக்கொண்டார். குற்றவாளி வீரபத்திரனை வரிசையின் கடைசியில், பாதி உடம்பு விழுகிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

சன்னிதித் தெரு போட்டோக்காரர் பரசுராமன், யுத்த காலத்தில் கிடைப்பதற்கரிய கண்ணாடித் தகடு ஒன்றை இதற்கென்று எடுத்துவந்திருந்தார்.

"ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காயிதம் ஒட்டி வெச்சிகிறீங்க. ஒரு மூஞ்சியும் தெரியலீங்க" என்றார் அவர். "வெளிச்ச மருந்த தட்டுல கொட்டிக் கொளுத்தணும். இந்த இருட்டுக்குக் கொஞ்சம் கூடவே கொட்டணும்."

"தாராளமாகக் கொட்டும். நான் கையைத் தூக்கினால் கொளுத்திவிடும்."

அதிகாரி உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இருட்டுக்குப் பழக அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. வரிசை வரிசையாக ஊர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தது.

"ஏமய்யா, யார் இவர்களெல்லாம்?"

"எல்லோரும் இன் காமிரா, யுவர் ஆனர்! நானே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட வெளியே இல்லை."

அதிகாரி மெதுவாக நடந்து மேஜைக்கு வந்தார். கோபத்தை அடக்குகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். "இருக்கட்டும். செக்யூரிட்டி எங்கே?"

கோதண்டபாணி விரலைச் சொடுக்கினார். வேடியப்பன் முன்னால் வந்து தடியைத் தரையில் ஊன்றினான்.

"இவனா? இவனுக்கு என்ன சொத்து?"

"தடி ஒண்ணு கீதுங்க" என்றான் வேடியப்பன் பணிவாக. "மூங்கில் இல்லீங்க, பிரம்பு."

"அட தேவுடா!" அதிகாரி மேஜையைக் குத்தினார். "அந்த ஆள் சொன்ன பேச்சைக் கூட்டத்தில் மறுபடி சொன்னால் பீதி இன்னும் பரவும் என்றுதானே இன் காமிரா என்றேன்! இன் காமிரா என்றால் மூடிய அறை! ரகசியம்! வெளி ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது! போங்கள் எல்லோரும் வெளியே!"

சொல்லிக்கொண்டே கையை உயரத் தூக்கி வாசலைக் காட்டினார்.

கறுப்புத் துணிக்குள் இருந்த பரசுராமனுக்குத் தூக்கிய கை மட்டுமே தெரிந்தது. எவர் கை என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

பளீரென்று ஒரு வெளிச்சம். டமாரென்று ஒரு சத்தம். கூடம் முழுக்க வெள்ளைப் புகை.

"ஜப்பான்காரன்!" என்று ஒரு குரல் எழுந்தது. அது யாருடைய குரல் என்பதில் பிற்பாடு கருத்து வேற்றுமை இருந்தாலும், அதில் கூட்ஸ் ஆபீஸ் உச்சரிப்பு இருந்ததாகப் பலரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பெஞ்சு சாய்ந்தது, கன்று அவிழ்ந்தது, பட்டுப்புடவைகள் கிழிந்தன. ஒத்திகையில் படித்தபடி ஒருவரும் குப்புறப் படுக்கவில்லை. கமிட்டி அங்கத்தினர்கள் மிகுந்த ஒழுங்கோடு எல்லோருக்கும் முன்னால் வெளியேறினார்கள். செக்யூரிட்டி அவர்களுக்கும் முன்னால் போயிருந்தது.

கோதண்டபாணி மேஜைக்கு அடியில் பாய்ந்தார். அங்கே இடம் குறைவாக இருந்தது. ஏனென்றால் சர்க்காரின் பிரதிநிதி என்ற முறையில் அதிகாரி ஏற்கெனவே அங்கே அமர்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கினார்கள்.

"எங்கே விழுந்தது?" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி.

"தெரியவில்லை, யுவர் ஆனர். எனக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும்."

"இருக்கிறது. என்மேல்தான் இருக்கிறது." அதிகாரி இருமினார். "கேளும். பிழைப்போமா என்பது தெரியாது. இந்த நேரத்திலாவது நிஜத்தைச் சொல்லும். அந்த நெசவாளி பேசியதைக் கேட்டு யாராவது பயந்தார்களா?"

கோதண்டபாணிக்குக் கண்ணில் நீர் வந்தது. பாதி புகையினால். "இல்லை, யுவர் ஆனர். எல்லோரும் சிரித்தார்கள்."

"பிறகு எதற்கய்யா புகார்?"

"பின்கட்டு காலியாகிவிட்டது, யுவர் ஆனர்."

மூன்றாம் ஆள் இல்லை. ஒரு சொல் வெளியே போகவில்லை. சட்டம் எதை இன் காமிரா என்று சொல்கிறதோ அது, மேஜைக்கு அடியில், இம்மியும் பிசகாமல் நடந்து முடிந்தது.

அப்போது சடசடவென்று காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. கூடத்துக்குள் வெயில் விழுந்தது. வீரபத்திரன் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கறுப்புக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் அழுதுகொண்டு ஒரு பட்டணத்துக் குழந்தை.

"ஒண்ணுமில்லீங்க, வெளிய வாங்க. போட்டோ மருந்துங்க அது. பரசுராமண்ணன் புருவம்தான் கொஞ்சம் கருகிப்போச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆவல. யார் வூட்டுக் கொழந்தைங்க இது?"

அதிகாரி வெளியே வந்து கோட்டைத் தட்டினார். கோதண்டபாணி வெளியே வந்து தலைப்பாகையைத் தேடினார். அதைக் கன்று மென்றுகொண்டிருந்தது.

"யுத்தகாலத்தில் பொதுஜனங்களிடையே பீதி பரப்பியது சந்தேகமில்லாமல் ருஜுவாகிவிட்டது" என்றார் அதிகாரி.

கோதண்டபாணி முகம் மலர்ந்தது.

"பரப்பியவர் நீர். நானே சாட்சி. வீரபத்திரன், நீ போகலாம். கோதண்டபாணி, ஒரு வருஷத்துக்குப் பொது இடத்தில் யுத்தம், குண்டு, ஆபத்து, ரட்சணை எதைப் பற்றியும் நீர் வாய் திறக்கக் கூடாது. அதற்குச் சொத்துள்ள ஓர் ஆள் பொறுப்பேற்று ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பெயர்தான் செக்யூரிட்டி. போடாவிட்டால் உள்ளே."

கோதண்டபாணி வாசலைப் பார்த்தார். கமிட்டி இல்லை. சடகோபன் வீட்டுக்கு ஆள் போய்த் திரும்பியது. அவர் ஊத்துக்கோட்டைக்கு அவசர வேலையாகப் போயிருப்பதாகவும், எப்போது திரும்புவார் என்பது நிலைமையைப் பொறுத்தது என்றும் தகவல் வந்தது. ஊருக்கெல்லாம் ரட்சணை ஏற்பாடு செய்தவருக்கு, தமக்கென்று ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். தலைப்பாகை இல்லாத தலையில் வெயில் உறைத்தது.

"நான் போடறங்க" என்றான் வீரபத்திரன். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, காலி மூட்டைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "பொதட்டூர்பேட்டையில சொந்த வூடு கீது. தறி கீது. செல்லுங்களா?"

"செல்லும்" என்றார் அதிகாரி, அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே.

ரேகை பதித்துவிட்டு அவன் படியிறங்கியபோது கோதண்டபாணி பின்னாலேயே போனார். "அப்பா, உன்மேல் புகார் கொடுத்தவன் நான். எனக்கு எதற்காக ஜாமீன் நின்றாய்?"

"ஒங்கள உள்ள போட்டுட்டா கமிட்டிக்கு வேற தலைவர் வருவாரு நைனா" என்றான் வீரபத்திரன். "அவரு நெஜமாலுமே இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா இருந்துட்டா எங்க கதி இன்னா ஆவறது?"

இது புகழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று கோதண்டபாணிக்கு விளங்கவில்லை. தாயாரம்மாளிடம் கேட்டார். அவளுக்கு விளங்கியது. ஆனால் சொல்லவில்லை.

அந்த ஒரு வருஷம் திருத்தணியில் ஊதல் ஊதவில்லை. ஒத்திகை நடக்கவில்லை. ஜன்னல்கள் திறந்தன. தறி சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று பின்கட்டுக் குடித்தனக்காரர்கள் இருவரும் பொதட்டூர்பேட்டையிலிருந்து திரும்பி வந்து, இந்த ஊர் இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று வியந்தார்கள். கடைத்தெருவில் யாராவது யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் கோதண்டபாணி வாயை விரலால் மூடிக் காட்டிவிட்டு நடந்தார். வருஷக் கடைசியில், அந்த வட்டாரத்திலேயே பீதி என்பது மருந்துக்கும் இல்லாத ஊர் திருத்தணிதான் என்று மேலிடத்திலிருந்து பொதுஜன ரட்சணைக் கமிட்டிக்கு நற்சாட்சிப் பத்திரம் வந்தது. அது முற்றிலும் நியாயமானது. தலைவர் வாயைத் திறந்தால் ஜெயில் என்று ஆக்கியபிறகு, எந்தக் கமிட்டியும் ஊரைக் காப்பாற்றத்தான் செய்யும்.